காற்றுக்கு வழி அமைப்பவர் யார்?



ஒருவர் புதிதாக வீடு கட்டுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். தலைவாயிற் கதவிற்கு எந்த மரம் நல்லது என்று பத்துப் பேரைக் கேட்பார். தரைக்கு எந்தக் கல் இடுவது என்று சேலத்துக் கடைகளை ஒரு வாரம் சுற்றி வருவார். சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கூடி உட்காரும். ஆனால், அந்த வீட்டிற்குள் காற்று எவ்வழியாக வரும், எவ்வழியாக வெளியேறும் என்று கேட்பவரைக் காண்பது அரிது. மரமும் கல்லும் வண்ணமும் கண்ணுக்குத் தெரிவன; காற்று தெரிவதில்லை. ஆகவே, அதற்கு வழி அமைக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. வீட்டிற்கும் தொழிற்கூடத்திற்கும் காற்றோட்டம் அமைக்கத் தக்க ஆளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது சிறிய பொருளாகத் தோன்றலாம். என் வீட்டில் ஓர் உயிர் போகவிருந்த பின்னரே இதன் அருமையை நான் உணர்ந்தேன். அந்நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

நம் முன்னோர் சாளரத்திற்குக் ‘காலதர்’ என்று ஒரு பெயர் இட்டிருந்தனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தில் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும், வட ஐரோப்பாவின் பண்டை மொழியொன்றில் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்ததேயாகும். ஒருவரையொருவர் அறியாத இரு மக்களினமும் சாளரத்தைக் காற்றின் வழியாகவே கண்டிருக்கின்றன. நாம்தாம் அதனை அழகிற்கென்று வைத்து, பிறகு கொசுவிற்கும் தூசிக்கும் அஞ்சி அடைத்து விடுகின்றோம்.

காற்றோட்டம் என்னும் சொல்லிலேயே அதன் இலக்கணம் அடங்கியுள்ளது. காற்று இருந்தால் போதாது. அது ஓட வேண்டும். ஓடுவதற்குப் புகுவழி ஒன்றும் போக்குவழி ஒன்றும் வேண்டும். ஒரு புட்டியின் வாயில் உங்கள் உதட்டைப் பொருத்தி ஊதிப் பாருங்கள். சிறிதளவிற்கு மேல் காற்று உட்செல்லாது. அதன் அடியில் ஓர் ஓட்டை இருந்தால், ஊதிய காற்று தடையின்றி ஓடும். ஒரே சுவரில் இரண்டு பெரிய சன்னல்கள் வைத்த அறை, அடியில் ஓட்டையில்லாத புட்டியைப் போன்றது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சிறிய சன்னல்கள் வைத்த அறை, அதனைவிட நன்கு மூச்சு விடும். மேலும், சூடான காற்று இலேசானது, மேலே எழும். ஆதலால், தாழ்ந்த இடத்தில் புகுவழியும் உயர்ந்த இடத்தில் போக்குவழியும் இருப்பின், வெளியே இலையசையாத நாளிலும் உள்ளே காற்று மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். பழைய கட்டடங்களில் கூரையை ஒட்டிச் சிறு திறப்புகள் வைத்ததன் காரணம் இதுவே.

அடைபட்ட அறையில் காற்று எவ்வளவு கெடுகின்றது என்று அளந்து காட்டியவர்களுள் ஒருவர், செருமனியின் மூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் பான் பெட்டன்கோபர் என்னும் அறிஞர். மனிதர் வாழும் அறையில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்று 1858-ஆம் ஆண்டிலேயே அவர் வரம்பு கட்டினார். அவ்வளவு கரியமில வாயு நஞ்சு என்பது அவர் கருத்தன்று. பலர் விட்ட மூச்சு வெளியேறாமல் தங்கிவிட்டது என்பதற்கு அஃது ஓர் அடையாளம் என்பதே அவர் கருத்து. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தபோது, பிறர் விட்ட மூச்சை நாம் உள்ளிழுப்பதன் பொருள் என்ன என்பதை நாம் அனைவரும் அறிந்துகொண்டோம். ஆள் ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் புதிய காற்று வேண்டும் என்று 2021-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது. நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்பறைக்கு நொடிக்கு 400 லிட்டர். இருபது அடி நீளமும் இருபது அடி அகலமும் பத்து அடி உயரமும் உள்ள அறையாயின், ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை அதன் காற்று முழுவதும் மாறியாக வேண்டும்! நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், புறாக்கள் வருகின்றன என்று மேல்திறப்புகளை எல்லாம் பழைய நாட்காட்டி அட்டையால் அடைத்து வைத்திருந்தோம். பிற்பகல் வகுப்பில் பிள்ளைகள் சோர்ந்து கிடந்தால் அவர்களைக் கடிந்துகொண்டோம். அட்டையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடிக்க எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இனி நம் நாட்டுப்புறத்திற்கு வருவோம். சேலம் நகரைச் சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவை சூழ்ந்து நிற்கின்றன. தெற்கே செல்லச் செல்ல நாமக்கல் சமவெளி காவிரி வரையில் விரிகின்றது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீறிட்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும். சித்திரை, வைகாசியிலோ நண்பகல் வெயில் 38 பாகை செல்சியஸையும் கடந்து செல்லும். காற்று ஓய்ந்து நிற்கும். இஃது ஏட்டில் காணும் பொதுவிதி. ஆயின், மலையின் மறைவில் உள்ள ஊருக்கு ஒரு விதமாகவும், ஏரிக்கரையில் உள்ள ஊருக்கு வேறு விதமாகவும் காற்று திரும்பும். அடுத்த மனையில் இரண்டு மாடி எழுந்துவிட்டாலும் அதன் திசை மாறும். காற்று வேலைக்கு உள்ளூர் அறிந்த ஆள் வேண்டும் என்று நான் சொல்வது இதனாலேதான்.

நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளைக் கண்டிருப்பீர்கள். நடுவே வானம் பார்த்த முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், மேலே ஓடு. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். வாசலின் வழியே புதிய காற்று உட்புகும். ஓட்டு இடுக்குகளின் வழியே அடுப்புப் புகையும் கசிந்து போகும். அந்த வீட்டைக் கட்டியவர் தாமே காற்றின் வழியையும் கட்டினார். அதற்கெனத் தனி ஆள் தேவைப்படவில்லை. இன்று மனை சிறியது, கூரை காங்கிரீட், சுவரை ஒட்டி அடுத்த வீட்டுச் சுவர். இத்தகைய வீட்டில் காற்று தானாக வாராது. கணக்கிட்டு வரவழைக்க வேண்டும். கணக்குத் தெரிந்தவரை நாம் தேடுகின்றோமா?

ஆனால், நம் மாவட்டத்தில் அவ்வாறு தேடும் ஒரு வகுப்பார் உளர். அவர்கள் நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது தன் வெப்பத்தைப் போக்கிக்கொள்ளும். கோடையில் காற்று நின்றுவிட்டால் கொட்டகையில் கோழிகள் மடியும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு தங்கிவிட்டால் கண்ணும் மூச்சுக்குழலும் கெடும், முட்டை குறையும். ஆகவே, பண்ணையாளர் கொட்டகையின் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக அமைப்பர். வெயில் பக்கவாட்டில் உட்புகாது. அகலம் 30 அடிக்கு மேற்பட்டால் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது என்று அதற்குள் நிறுத்துவர். பக்கங்களில் சுவர் எழுப்பாமல் கம்பிவலை இடுவர். முட்டைக் கோழிக் கூண்டுகளைத் தூண்களின் மேல் உயர்த்தி, கீழே விழும் எச்சம் உலரும்படி காற்று விடுவர். கூரையின் முகட்டில் வெப்பம் வெளியேறத் திறப்பு வைப்பர். கொட்டகைக்கும் கொட்டகைக்கும் போதிய இடைவெளி விடுவர்.

நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி நிலையம், வரும் நாட்களில் காற்று எத்திசையிலிருந்து என்ன வேகத்தில் வீசும் என்று பண்ணையாளருக்கு அறிவித்து வருகின்றது. செய்தித்தாளில் அதனைத் தேடிப் படிக்கும் பண்ணையாளர் பலரை நான் அறிவேன். கொட்டகை கட்ட வருபவரிடம் அவர்கள் கேட்கும் கேள்விகள், தேர்வு மன்றத்தில் கேட்கும் கேள்விகள் போல இருக்கும். “முன்னே கட்டின கொட்டகை எங்கே இருக்குதுங்க? போன சித்திரையிலே அங்கே எத்தனை கோழி செத்துச்சு?” என்று கேட்பார்கள். நேரே சென்று பார்த்தும் வருவார்கள். ஒரு பக்கம் ஈரத் திரையும் மறுபக்கம் பெரிய விசிறிகளும் வைத்து, முற்றிலும் மூடிய கொட்டகைகளும் இப்போது உண்டு. அவற்றில் மின்சாரம் நின்றால் சிறிது நேரத்திலேயே பேரிழப்பு நேரும். ஆகவே, மின்னாக்கி இல்லாமல் அத்தகைய கொட்டகையை எவரும் தொடங்குவதில்லை. கோழிக்குக் காட்டும் இவ்வளவு அக்கறையில் பாதியை நாம் நம் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றோமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும் நாளும் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் குடும்பத்திற்காக மாடியில் இரண்டு அறைகள் எடுத்தேன். வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டேன். கேட்ட விலையில் அவரே குறைவு, பேச்சிலும் இனிமை. குளியலறையின் மேல்திறப்பில் முன்பு கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக இருந்தன. அவை அழகாக இல்லை என்று எடுத்துவிட்டு, ஒரே கண்ணாடியாகப் பொருத்தி இறுக அடைத்தார். எரிவாயுவால் வெந்நீர் போடும் கருவி ஒன்றையும் அந்த அறைக்குள்ளேயே மாட்டினார். மார்கழிக் காலையில் என் பெயர்த்தி குளிக்கச் சென்றாள். அவளுக்குப் பதினொரு வயது. நீர் விழும் ஓசை நெடுநேரம் கேட்டது. என் மனைவி அழைத்தாள், மறுமொழி இல்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபோது குழந்தை தரையில் கிடந்தாள். வெளித்திண்ணைக்குத் தூக்கி வந்து, மருத்துவமனைக்கு விரைந்தோம். இன்னும் சில நிமிடம் சென்றிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று மருத்துவர் கூறினார்.

நடந்தது என்ன? அடைபட்ட அறையில் எரிவாயு எரியும்போது ஆக்சிஜன் குறைகின்றது. குறைந்த ஆக்சிஜனில் எரிவாயு முற்றும் எரியாது, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபினோடு அஃது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுத் திணறும் நிலை அது. இதனை ஒப்பந்தக்காரரின் குற்றம் என்று மட்டும் சொல்லி நான் தப்ப இயலாது. எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்தக் கண்ணாடியைப் பொருத்தும்போது நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவனும் நானே. “காற்று எவ்வழியாகப் போகும்?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதன்பின் அந்தக் குறையைத் திருத்த, எங்கள் ஊர்ப் பக்கத்து முதிய கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் வந்தவுடன் விலை பேசவில்லை. மாடியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். “ஏனுங்க வாத்தியாரய்யா, ஆடி மாசத்துல காத்து எந்தப் பக்கமிருந்துங்க அடிக்கும்? மழைச் சாரல் எந்தச் சன்னல்ல விழும்?” என்று கேட்டார். பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வாசற்படி, சன்னல், மேல்திறப்பு ஒவ்வொன்றின் அருகிலும் பிடித்துப் புகை செல்லும் திசையைப் பார்த்தார். வெந்நீர்க் கருவியை வெளிச்சுவருக்கு மாற்றச் சொன்னார். மேல்திறப்பை மீண்டும் திறந்தார். கதவின் அடியில் புதுக்காற்றுக்கு இடைவெளி விட்டார். சமையலறைக்கு விசிறி வைக்கலாமா என்று நான் கேட்டபோது, “விசிறிக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க, அதுக்குத் தெரிஞ்ச மின்சாரக்காரரை வெச்சுக்குங்க” என்றார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தினால் அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு இரட்டிப்பாயிற்று.

தொழிற்கூடத்திலும் நிலை இதுவே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 13-ஆம் பிரிவில், வேலை செய்யும் அறை ஒவ்வொன்றிலும் புதிய காற்று சுழன்று வரப் போதிய ஏற்பாடு வேண்டும் என்று விதித்தது. சட்டம் பெரிய ஆலைகளைக் கருதியது. நம் ஊர்களிலோ வீட்டை ஒட்டிய தறிக்கூடங்களே மிகுதி. குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பஞ்சுத் தூசியைப் போக்க வேண்டும் என்று நான்கு விசிறிகள் மாட்டினார். தூசி குறையவில்லை. சென்று பார்த்தேன். விசிறிகள் நான்கும் வாயிற்கதவின் அருகிலேயே இருந்தன. கதவின் வழியே வந்த காற்று அப்படியே விசிறியின் வழியே வெளியேறிற்று. கூடத்தின் மறுகோடியில், தறிகள் ஓடும் இடத்தில், காற்று அசையவே இல்லை. விசிறிகளை மறுகோடிச் சுவருக்கு மாற்றியவுடன் அதே நான்கு விசிறிகள் வேலை செய்தன. பொருத்தியவர் விசிறியை விற்கத் தெரிந்தவர். காற்றை நடத்தத் தெரிந்தவர் அல்லர்.

இனி, ஆளைத் தேர்வது எப்படி என்று தொகுத்துச் சொல்லுகின்றேன்.

முதலாவது, அவர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். காற்றின் திசை, அறையின் பயன், அதில் இருப்போர் எண்ணிக்கை, அடுப்போ எரிகருவியோ உண்டா என்பன பற்றிக் கேட்காமல், “எத்தனை விசிறி வேண்டும்?” என்று தொடங்குபவர் இவ்வேலைக்கு உரியவர் அல்லர்.

இரண்டாவது, அவர் முன்பு செய்த வேலையைச் சென்று பாருங்கள். சென்ற மாதம் முடித்த வீட்டை அன்று. மூன்று கோடை கண்ட வீட்டைப் பாருங்கள். நண்பகலில் செல்லுங்கள், சமைக்கும் நேரத்தில் செல்லுங்கள். வீட்டுத் தலைவரைவிட அடுப்படியில் நிற்கும் அம்மையாரைக் கேட்பது நல்லது. தொழிற்கூடமாயின் முதலாளியை மட்டும் கேளாமல் தறியோட்டுபவரையும் கேளுங்கள்.

மூன்றாவது, எண்ணால் பேசச் சொல்லுங்கள். எட்டடி அகலமும் பத்தடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள சமையலறையின் கொள்ளளவு 800 கன அடி. அதன் காற்று மணிக்குப் பதினைந்து முறை மாற வேண்டும் என்று கொண்டால், மணிக்கு 12,000 கன அடி. அதாவது, நிமிடத்திற்கு 200 கன அடி. விசிறியின் பெட்டியிலேயே அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். சன்னலுக்கும் கணக்கு உண்டு. திறக்கக்கூடிய சன்னற் பரப்பு, வறண்ட வெப்ப நாட்டில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈர வெப்ப நாட்டில் ஆறில் ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட நெறித்தொகுப்பு கூறுகின்றது. 120 சதுர அடி அறைக்கு முன்னதன்படி 12 சதுர அடி. பின்னதன்படி 20 சதுர அடி.

நான்காவது, மூவரிடம் விலை கேளுங்கள். ஆனால், மூவருக்கும் ஒரே வேலையை எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள். திறப்பின் அளவு, உயரம், விசிறியின் திறன், கம்பிவலை, சாரல் தடுப்பு ஆகியவை எழுத்தில் இல்லையாயின், குறைந்த விலை என்பது குறைந்த வேலையாகவே முடியும். முன்பணம் கொடுக்கலாம், முழுப்பணம் கொடுக்கலாகாது. ஒரு பகுதியைச் சோதனை முடியும் வரையில் நிறுத்தி வைப்பது இரு திறத்தார்க்கும் நன்று.

ஐந்தாவது, சோதனை. ஊதுபத்தியின் புகை புகுவழியில் உள்நோக்கிச் சாய வேண்டும். போக்குவழியில் வெளிநோக்கி இழுபட வேண்டும். ஓடும் விசிறியின் வலையில் ஒரு தாளை வைத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். பிறகு சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். அப்போது தாள் தளர்ந்தால், புகுவழி இல்லாத விசிறி வீண் என்னும் பாடம் உங்கள் கண்முன்னே நிற்கும்.

நல்ல ஆள் ஒருவரே எல்லாம் செய்வார் என்று எதிர்பார்க்க வேண்டா. சுவரை உடைத்துத் திறப்பு வைப்பவர் கொத்தனார். விசிறி பொருத்துபவர் மின்பணியாளர். பெரிய கூடமாயின் கணக்கிட்டு வரைபடம் தருபவர் பொறியாளர். மூவரையும் இணைக்கும் ஒரு கேள்வி வீட்டுக்காரரிடமிருந்தே வர வேண்டும்: காற்று எவ்வழியாக வரும்? எவ்வழியாகப் போகும்?

மாணவ மணிகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகின்றேன். வரும் விடுமுறை நாளில் ஓர் அளவுகோலை எடுத்து, உங்கள் வீட்டில் ஒவ்வோர் அறையின் தரைப் பரப்பையும் சன்னற் பரப்பையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். பெற்றோரின் துணையோடு ஊதுபத்திச் சோதனையைக் காலையிலும் மாலையிலும் செய்யுங்கள். குளியலறையில் எரிவாயுக் கருவி இருக்குமாயின், அதனை அன்றே பெற்றோருக்குச் சுட்டிக் காட்டுங்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது. என் பெயர்த்தி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கின்றாள். எந்த வீட்டிற்குச் சென்றாலும் அவள் முதலில் அண்ணாந்து மேல்திறப்பைப் பார்க்கின்றாள். நான் கற்பிக்கத் தவறிய பாடத்தை அவள் எனக்குக் கற்பித்தாள். அதனையே இன்று உங்களிடம் ஒப்படைத்தேன்.